திரையில்லாத பிரௌசர்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964ல் தொடங்கியது. லேத்துகள் ஓடும் அதே பேட்டையில், 2024 ஜனவரியில் 20 மெகாவாட் திறனுள்ள டேட்டா சென்டர் ஒன்றை டிஜிட்டல் கனெக்ஷன் நிறுவனம் திறந்தது. இத்தகைய இடங்களில் இருக்கும் சர்வர்களில் திரையே இல்லாமல் பிரௌசரை ஓட்டலாம். பட்டனை அழுத்துவது, படிவம் நிரப்புவது எல்லாம் புரோகிராமின் வேலை.

கார் பாகம் செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். தினமும் காலையில் வாங்கும் கம்பெனியின் போர்ட்டலில் நுழைந்து, எத்தனை பீஸ் அனுப்ப வேண்டும் என்ற ஷெட்யூலை இறக்க வேண்டும். அந்தக் கம்பெனி அனுமதித்தால், இதைப் பிரௌசரே செய்துவிடும். ஆனால் லாகின் செய்தவர் யார் என்பது அடுத்த பக்கத்துக்குப் போகும்போது மறந்துவிடக்கூடாதே! இணையத்தின் எச்டிடிபி நெறிமுறைக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புது ஆள்தான். இந்தக் குறையைத் தீர்க்கவே 1994ல் நெட்ஸ்கேப்பின் லூ மான்டுல்லி குக்கியைக் கொண்டுவந்தார். செருப்பு வைக்கும் இடத்தில் தரும் டோக்கன் மாதிரி, அதைக் காட்டினால் இணையதளம் ஆளைத் தெரிந்துகொள்ளும்.

2004ல் ஜேசன் ஹக்கின்ஸ் உருவாக்கிய செலீனியம் என்ற மென்பொருள், பிரௌசரைப் புரோகிராமால் ஓட்டும் தானியங்கி வேலையைப் பரவலாக்கியது. பிரௌசருக்குக் கட்டளை அனுப்பும் வெப்டிரைவர் முறை 2018ல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் தரமானது. அதன்படி, பிரௌசர் திறந்ததும் ஒரு செஷன் எண் கிடைக்கும். பிறகு போகும் கட்டளை ஒவ்வொன்றிலும் அந்த எண் இருக்க வேண்டும். நூறு பிரௌசர்கள் ஓடும் வாடகை சர்வரில், கட்டளையைச் சரியான பிரௌசரிடம் சேர்ப்பது அந்த எண்தான்.

பிரௌசரின் ஞாபகம் இரண்டு வகை. குக்கிகளைக் கோப்பில் எழுதிவைத்து, நாளை வேறு சர்வரில்கூட ஏற்றிக்கொள்ளலாம். மறுபடி ஓடிபி கேட்காமல் போகவும் வாய்ப்புண்டு. பாதி நிரப்பிய படிவமோ அந்தப் பிரௌசரின் நினைவகத்தில் மட்டும் இருக்கிறது. சர்வர் விழுந்தால் அது போயிற்று. ஆகவே நீண்ட வேலையைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டு முடிந்ததும் நிலையைச் சேமிப்பது நல்லது.

சேமித்த குக்கிக் கோப்பு யார் கையில் கிடைத்தாலும், காலாவதியாகும் வரை, பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே நுழைய வழியுண்டு. அதைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். குக்கிகள் இருக்கும் ஒரே குரோம் புரொஃபைலை இரண்டு வேலைகளுக்கு ஒரே நேரத்தில் கொடுக்கவும் கூடாது.

வேலை முடிந்தும் மூடாத செஷன் மெமரியைத் தின்றுகொண்டே இருக்கும். பல பிரௌசர்களுக்குச் செலீனியம் வேலையைப் பிரித்துக்கொடுக்கும் செலீனியம் கிரிட், அமைப்பை மாற்றாதவரை, 300 விநாடி கட்டளை வராவிட்டால் அதைத் தானே மூடிவிடும். நிமிடக் கணக்கில் வாடகை கட்டுகிறவர் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஷெட்யூல் இறங்கியதும், இடையில் பிழை வந்தாலும், செஷனை மூடும் கட்டளையைப் புரோகிராமிலேயே எழுதிவிடலாம்.