ஜீப்பில் பாட்டு, கம்பியில் சூடு

வட சென்னையின் விம்கோ நகர், தீப்பெட்டித் தொழிற்சாலையால் பெயர் பெற்ற இடம். தீக்குச்சியை உரசினால் சூடு பிறக்கிறது. கம்பியில் மின்சாரம் பாய்ந்தாலும் சூடு பிறக்கும். எவ்வளவு? அங்கே ஓடும் திறந்த ஜீப் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

எஞ்சின் இரைச்சலில் ஸ்டீரியோவின் பாட்டு அமுங்கிவிடுகிறது. ஓசை இருமடங்கானால் போதும் என்று தோன்றும். ஆனால் செவிக்கு ஓசை இருமடங்காகக் கேட்க, ஒலியின் திறன் ஏறத்தாழ 10 மடங்காக வேண்டும்! பழைய ஆம்ப்ளிஃபையர் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 2 ஆம்பியர் எடுத்ததென்றால், புதியது 20 ஆம்பியர் எடுக்கும்.

பழைய கம்பியே இருந்தால் என்ன ஆகும்? கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் உயரும். இது 1841இல் ஜூல் வெளியிட்ட விதி. கம்பியின் மின்தடை 0.1 ஓம் எனில், முன்பு 0.4 வாட், இப்போது 40 வாட். அதாவது 100 மடங்கு! ரேடியோ பழுதுபார்ப்பவரின் சால்டரிங் அயர்னுக்கு 25 வாட்டே போதும். கம்பியின் உறை உருகாதா?

ஆகவே தடித்த செம்புக் கம்பி தேவை. பாட்டரியை ஒட்டியே தக்க ஃபியூஸும் தேவை. மேடுபள்ளத்தில் ஜீப் குலுங்கும்போது, உறை தேய்ந்து கம்பி இரும்பு உடலைத் தொடலாம். அப்போது ஃபியூஸ் உருகினால்தான் ஜீப் தப்பும். ஃபியூஸுக்கும் பாட்டரிக்கும் இடைப்பட்ட கம்பிக்கோ பாதுகாப்பில்லை. அது எவ்வளவு குட்டையோ, அவ்வளவு நல்லது.