மண்டலினின் துளையும் தொனியும்

எட்டுத் தந்திகளை நான்கு சோடிகளாகக் கொண்ட மண்டலினைத் தனித்தொழில் புரியும் கைவினைஞரிடம் செய்விக்க விரும்புவோர், முதலில் தீர்மானிக்க வேண்டியது அதன் மேற்பலகைத் துளையின் வடிவமேயாகும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் வாழ்ந்த ஓர்வில் கிப்சன், வயலினைப் போல மேற்பலகையைச் செதுக்கி வளைக்கும் முறைக்கு 1898ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அம்முறையில் எழுந்த மண்டலின்கள் தொடக்கத்தில் வட்டத் துளையோ நீள்வட்டத் துளையோ உடையனவாயிருந்தன. கிப்சன் பெயரால் அமைந்த நிறுவனத்தில் பணியாற்றிய லொயிட் லோர் என்பார், 1922இல், வயலினுக்குரிய எஃப் வடிவத் துளைகள் இரண்டை மண்டலினில் அமைத்தார்.

எஃப் துளையின் ஒலி உரத்து எழுந்து விரைவில் அடங்கும். பலர் கூடி வாசிக்கும் புளூகிராஸ் இசைக்கு அது பொருந்தும். நீள்வட்டத் துளையின் ஒலியோ கனிந்து நெடிது நிற்கும். தனி வாசிப்புக்கும் அயர்லாந்து நாட்டு மெல்லிசைக்கும் அது இசைந்தது.

ஆதலின், எவ்வகை இசையை வாசிக்க எண்ணுகிறார் என்பதை வாங்குவோர் கைவினைஞருக்கு முன்னரே தெளிவாக உரைத்தல் வேண்டும். வெட்டிய துளையைப் பின்னர் மாற்றுதல் அரிது. அவர் முன்பு ஆக்கிய வாத்தியமொன்றை மீட்டிப் பார்த்தலும் நன்று. பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய தந்தி, அழுத்தாத தந்தியின் மேல் ஸ்தாயிச் சுருதியோடு இணைதல் வேண்டும். மெருகும் அலங்காரமும் கண்ணைக் கவரும். கொடுத்த பணத்துக்குரிய பயனை அறிவதோ செவியே.