குறையாத ஸ்டீராய்டு

உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்த உறுப்புகளையே தாக்குகின்ற லூபஸ் நோய்க்கான ஐரோப்பியச் சிகிச்சை நெறிமுறை, நெடுநாள் ஸ்டீராய்டுக்கு 2019-இல் நாளொன்றுக்கு 7.5 மில்லிகிராம் என வகுத்திருந்த வரம்பை 2023-இல் 5 மில்லிகிராமாகக் குறைத்ததோடு, இயலும்போது அதை அறவே நிறுத்தவும் சொல்கிறது. நோய் மீண்டும் மூளாமல் காக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயினை, ஒரு கிலோ உடல் எடைக்கு 5 மில்லிகிராம் என்ற கணக்கில், தடை ஏதுமில்லாத அனைவருக்கும் தர வேண்டும் என்பது அதன் மற்றொரு விதி.

தொடங்கச் சொல்லும் விதி எளிதில் நடைமுறைக்கு வந்துவிடுகிறது. குறைக்கச் சொல்லும் விதிதான் கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் வழியிலேயே தொலைந்துபோகிறது. பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டால் மூட்டுவலியும் காய்ச்சலும் சில நாள்களிலேயே தணிந்து சிப்காட் ஆலையின் ஷிப்டுக்குத் திரும்பிவிடும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு, மறுபரிசோதனை என்பது மின்சார ரயிலில் சென்ட்ரல் வரை சென்று, எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் காத்திருந்து, ஒரு நாள் கூலியை இழப்பதாகும். ஆகவே பழைய சீட்டைக் காட்டிக் கடையில் அதே மாத்திரையை வாங்குவதும், வேறொருவர் எழுதிய அளவில் கைவைக்கத் தயங்கும் உள்ளூர் மருத்துவர் அதையே திரும்ப எழுதித் தருவதும் நிகழ்கின்றன. அத்தயக்கத்திலும் நியாயம் உண்டு: நெடுநாள் உண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால், சிறுநீரகத்தின் மேலமைந்த அட்ரினல் சுரப்பி உடனே ஈடுகொடுக்க இயலாமல் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆயினும் குறைக்காமல் விடப்படும் ஒவ்வொரு மாதமும் எலும்பு மெலிவு, நீரிழிவு, கண்புரை, இடுப்பெலும்பின் பந்துமுனை இரத்த ஓட்டமின்றிச் சிதைதல் ஆகியவற்றை நெருங்கி வரச் செய்கிறது. காசநோய் மிகுந்த நாட்டில் அந்நோய் தலைதூக்கும் அச்சமும் சிறியதன்று.

கொரோனாவுக்கு உதவும் என்ற நம்பிக்கையில் ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்குத் தேவை பெருகிய 2020 மார்ச்சில், மத்திய அரசு அதை, விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டிய எச்1 அட்டவணையின் நிபந்தனைகளுக்கு உட்படுத்தியது. லூபஸ் நோயாளிக்கு அதைவிடக் கூடுதல் தீங்கு செய்யக்கூடிய பிரெட்னிசோலோனோ, சீட்டின்றி விற்கக் கூடாத மருந்தாக இருந்தும், அத்தகைய பதிவேடு ஏதுமின்றிக் கைமாறுகிறது. இதுவே இப்பொருளில் மிகவும் கவலை தருவது.

கூட்டம் நெரியும் புறநோயாளர் பிரிவுக்கு ஐரோப்பிய நெறிமுறை பொருந்தாது என்னும் வாதமும் உண்டு. ஆனால் எந்தத் தேதியிலிருந்து எத்தனை மில்லிகிராம் என்னும் குறைப்புக் கணக்கை முதல் சீட்டிலேயே எழுதிவிடச் சில வரிகள் போதும். அது கையிலிருந்தால் கும்மிடிப்பூண்டி மருத்துவர் துணிந்து குறைக்கலாம், சிறுநீரில் புரதம் நாளொன்றுக்கு 0.5 கிராமை எட்டினால் மட்டும் சிறுநீரகத் திசுப் பரிசோதனைக்காகச் சென்னைக்கு அனுப்பலாம். இடைப்பட்ட பரிசோதனைகளை, 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியே ஏற்றுக்கொள்ள முடியும்.