காப்புறுதி நட்டத்தை மதிப்பிடுவோர் அறியவேண்டுவன

2025 நவம்பரில் டித்வாப் புயலால் கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் பல நிகழ்ந்தன, வீடிழந்தோர் பலர். இத்தகைய இடங்களிற் காப்புறுதி நட்டத்தை மதிப்பிடச் செல்வோர் ஆராயவேண்டியவை மூன்று.

முதலாவது, உரித்து. ஒரு பொருள் அழியின் எவர் பணநட்டம் அடைவரோ, அவரே அதனைக் காப்புறுதி செய்தற்குரியவர்.

இரண்டாவது, காரணம். தீக்காப்புறுதி மட்டும் பெற்றவர், மண்சரிவும் பத்திரத்திற் சேர்க்கப்பட்டிருந்தாலன்றி, அதற்கு ஈடு பெறார்.

மூன்றாவது, அளவு. காப்புறுதி இழந்ததை ஈடுசெய்யுமேயன்றி இலாபம் தராது. 40 இலட்சம் ரூபா பெறுமதியான வீட்டை 20 இலட்சத்துக்கே காப்புறுதி செய்தவருக்கு 10 இலட்சம் நட்டம் நேர்ந்தது என்க. பத்திரத்திற் சராசரி விதி இருப்பின், அவருக்குக் கிடைப்பது 5 இலட்சமே. கட்டுப்பணம் செலுத்தாத பாதிக்கு அவரே பொறுப்பாளி என்பது இவ்விதியின் கருத்து.

வீடிழந்தவருக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். ஆயினும், ஈடாக வழங்கும் பணம் காப்புறுதி செய்தோர் பலரும் செலுத்திய கட்டுப்பணத்தின் திரட்டே. ஒருவருக்கு மிகுத்துக் கொடுத்தல் பிறர்க்கு அநீதி. குறைத்துக் கொடுத்தல் அவருக்கு அநீதி.

ஆகவே, இத்தொழிலை நாடும் நம் கல்லூரி இளைஞர் கணக்கைச் செவ்வனே செய்வதோடு அமையாது, அதன் நியாயத்தை இழந்தவருக்கு அவர்தம் மொழியில் விளங்க உரைக்கவும் பயில்வாராக.