களரியில் எழும் அரசு

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில் ஒருவர் கற்பனை நாடொன்றை அமைத்துக் கதையை நடத்திச் செல்ல, ஏனையோர் அந்நாட்டின் இளவரசராகவும் தளபதியாகவும் ஒற்றராகவும் நின்று, தத்தம் பாத்திரத்துக்கு ஏற்பப் பேசி முடிவெடுக்கின்றனர். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவற்றுக்கு முன்னோடியாகும். பகடையும் விதிநூலும் கைக்கு வந்த பிறகு நடத்துநரை வருத்தும் கேள்வி ஒன்றே: அரசியல் குழப்பம் மலிந்த நாடொன்றை, ஆடுவோர் நம்பும்படி எவ்வாறு கட்டுவது? இக்கேள்விக்கான விடையை இலங்கையின் கிழக்கே உள்ள மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உள்ள ஊர்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் கூத்துக் களரிகளில் ஆடிக் காட்டி வந்துள்ளன.

இப்பகுதிக் கூத்துகள் வடமோடி, தென்மோடி என இரு வகைப்படும். வடமோடி பெரும்பாலும் பாரதத்தையும் இராமாயணத்தையும் சார்ந்து, போரையும் வீழ்ச்சியையும் பொருளாகக் கொள்வது. தென்மோடியோ ‘அலங்காரரூபன்’ போன்ற கற்பனை அரசர்களின் காதலையும் அலைவையும் பாடி, பெரும்பாலும் மங்கலமாக முடிவது. புதிதாக ஒரு நாட்டைப் புனைய விரும்புவோர் தென்மோடியே தமக்கு உரியதென்று எண்ணக்கூடும். எனினும், அரசு எவ்விடத்தில் வெடிப்புக் காண்கிறது என்பதைக் கற்பதற்கு வடமோடியே சிறந்த பள்ளியாகும்.

கூத்து ஆடப்படும் இடம் வட்டக்களரி எனப்படும். மண்ணால் உயர்த்திய வட்ட வடிவமான அத்தளத்தின் மேல் வெள்ளைத் துணி விதானமாகக் கட்டப்பட்டிருக்கும். சுற்றிலும் விளக்குகள் எரிய, மக்கள் நாற்புறமும் அமர்ந்து விடியும்வரை பார்ப்பர். அரண்மனையும் கோட்டையும் வரைந்த திரைச்சீலை அங்கு கிடையாது. கட்டியகாரன், அதாவது அரசனின் வருகையை அறிவிப்பவன், முதலில் வந்து செல்கிறான்; பின்னர் மத்தளத்தின் தாளக்கட்டுக்கு ஆடியவாறு அரசன் களரிக்குள் நுழைகிறான். ‘வரவு’ என்று வழங்கும் இந்நுழைவில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதனதன் இயல்புக்கேற்ற தாளமும் ஆட்டமும் உண்டு. அரசன் களரியைச் சுற்றி ஆடி, தன் பெருமையைப் பாடிய பின்னரே கொலுவில் அமர்கிறான். நாடு என்பது அந்தக் கணத்தில்தான் பிறக்கிறது. அதுவரை அது வெறும் மண்தளமே.

மேசை விளையாட்டுக்கு நாடு அமைப்போர் பலர் மலையையும் ஆற்றையும் எல்லைக்கோட்டையும் வரைவதிலேயே பல நாள்களைச் செலவிடுகின்றனர். கூத்துப் புலவரோ யார் முதலில் வருவார், யார் யாரை வணங்குவார், யார் வணங்க மறுப்பார் என்பதை மட்டும் எழுதிவிட்டு நாட்டை ஆட்டத்திடம் ஒப்படைத்துவிடுகிறார். இவ்விரண்டாவது வழியே அரசியலுக்கு நெருக்கமானது.

கர்ணன் கதை இதற்குத் தக்க சான்றாகும். அருச்சுனனோடு போட்டியிட அரசகுலத் தகுதி வேண்டுமென்று தடை எழுந்தபோது, துரியோதனன் அங்கநாட்டை அளித்து அவனை அரசனாக்கினான். ஆகவே கர்ணனின் முடி, பிறப்பால் வந்ததோ வென்று பெற்றதோ ஆகாமல், நண்பன் ஒருவன் தந்த கொடையாக இருக்கிறது. போர் நெருங்கும்போது தாய் குந்தி தன் மற்றப் பிள்ளைகளுக்காக வரம் கேட்கிறாள். மனைவி பொன்னுருவி களத்துக்குப் போகவிடாது தடுக்கிறாள். முடி தந்தவனோ கடனை நினைவூட்டாமலே நினைவூட்டுகிறான். மூவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால் அவன் எப்பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவருக்குத் துரோகியாகிறான். மாரியில் வாவி பெருகிப் படுவான்கரை வயல்கள் மூழ்கும்போது, முகத்துவாரத்து மணல்திட்டை இன்றே வெட்டவேண்டும் என்பவருக்கும் சற்றுப் பொறுக்கவேண்டும் என்பவருக்கும் தத்தம் பிழைப்பே காரணமாக இருப்பதைப் போன்றது இது. கொடுங்கோலன் ஒருவனையும் அவனை எதிர்க்கும் நல்லவர்களையும் மட்டும் வைத்துக் கட்டிய நாடு இரண்டாம் நாளே சலித்துவிடுவதற்குக் காரணம், அங்கே ஆடுவோர் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லாமையே.

இவை யாவற்றினும் வியப்புக்குரியது, கூத்துப் பழகும் முறையில் உள்ள ‘சட்டம் கொடுத்தல்’ என்னும் சடங்காகும். ஊர்ப் பெரியோர் கூடிக் கூத்தைத் தீர்மானித்த பின்னர், கூத்தைப் பழக்கி நெறிப்படுத்தும் ஆசானாகிய அண்ணாவியார் குரலையும் உடலையும் பார்த்து ஆளுக்கொரு பாத்திரம் வகுக்கிறார். ஒவ்வொருவருக்கும் அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமும் மட்டும் எழுதப்பட்ட ஏடு வழங்கப்படுகிறது, அதுவே சட்டம். கூத்தின் முழு ஏடும் அண்ணாவியாரின் பொறுப்பில் இருக்கும். துரியோதனனாக ஆடுபவர் துரியோதனனின் நியாயத்தையே மாதக்கணக்கில் பாடிப் பாடி மனத்தில் இருத்துகிறார். அவருக்கு எதிரே நிற்பவரின் நியாயம் வேறோர் ஏட்டில், வேறொரு வீட்டில், வேறொருவரின் குரலில் வளர்கிறது. பின்னர் சதங்கை அணிதல், வாரந்தோறும் கூடி ஆடும் கிழமைக்கூத்து, முழுக் கூத்தையும் ஒழுங்காக ஆடிப்பார்க்கும் அடுக்குப் பார்த்தல் என்ற படிகளைக் கடந்து அரங்கேற்றம் நிகழும்போது, தனித்தனியே முதிர்ந்த அந்த நியாயங்கள் ஒரே களரியில் மோதுகின்றன. மேசை விளையாட்டில் ஆடுவோர் ஒவ்வொருவரிடமும் இருக்கும் பாத்திரக் குறிப்புத்தாளும் இதே பணியைச் செய்வது; ஆனால் அதில் வலிமைக்கும் வேகத்துக்கும் எண்கள் நிரப்பப்படுகின்றனவே தவிர, அப்பாத்திரம் தன்னை எவ்வாறு நியாயப்படுத்திக்கொள்கிறது என்பது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. நடத்துநர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கச் சட்டம் எழுதிக் கொடுத்து, அதைப் பிறர் பார்க்காதவாறு சில நாள் வைத்திருக்கச் செய்தால், நாட்டின் உட்பகை தானே முளைத்தெழும்.

களரிக்கு வெளியேயும் அரசியல் உண்டென்பதை மறைத்தல் தகாது. அரசன் வேடம் எந்தக் குடும்பத்துக்கு என்பதில் ஊரின் அந்தஸ்தும் சாதியும் நெடுங்காலம் குறுக்கிட்டன. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். இக்குறைகளைக் கேள்விக்கு உட்படுத்தி, சீலாமுனை என்னும் ஊரின் மக்களோடு இணைந்து நாடகச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கப் பணி, பழைய பனுவலை ஊராரே விவாதித்து மாற்றியெழுத இடமளித்தது. முன்னதாகப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) முதலிய தயாரிப்புகள் மூலம் விடியவிடிய ஆடிய கூத்தைச் சுருக்கி நவீன மேடைக்குக் கொணர்ந்தார். அவருடைய மாணவராகக் கர்ணன் வேடமேற்ற சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்தார். சுருக்கம் கூத்துக்கு நாடளாவிய மதிப்பைத் தேடித் தந்தது. ஆயினும் ஒருபுறம் மட்டும் திறந்த மேடையில் அரசனின் முதுகைக் காண எவருமில்லை. வட்டக்களரியில் சூழ்ச்சி செய்பவன் ஒளிந்துகொள்ளத் திரைமறைவு கிடையாது. அவன் சூழ்ச்சியை ஊர் முழுவதும் கேட்கப் பாடியே தீரவேண்டும். அரசியல் கதைக்கு இதைவிடப் பொருத்தமான அரங்கு அரிது.

இவ்வளவு நுட்பமான கலை, பாடசாலை விழாவில் கால்மணி நேர அலங்காரமாகச் சுருங்கிவிடுவது வருந்தத்தக்கது. போரும் இடப்பெயர்வும் எத்தனையோ வீடுகளின் உடைமைகளைச் சிதறடித்த இப்பகுதியில், எஞ்சியுள்ள ஏடுகளும் கொப்பிகளும் ஈரத்துக்கும் கறையானுக்கும் இரையாகலாகாது. அயல்நாட்டுக் கற்பனை அரசுகளின் வம்சாவளியை மனப்பாடமாகச் சொல்லும் இளைஞர்க்கு, தம் ஊர் அண்ணாவியாரின் பெயர் தெரியாதிருப்பது அவர்களுடைய குற்றமன்று. அவரிடம் அவர்களை அழைத்துச் செல்லாத பெரியவர்களின் குற்றமே அது.

ஆகவே, கன்னன்குடாவிலோ முனைக்காட்டிலோ வாவிக்கரையின் வேறெந்த ஊரிலோ கூத்துப் பழகுவதாகக் கேள்விப்படுவோர், அரங்கேற்றம்வரை காத்திராமல் கிழமைக்கூத்துக்கே செல்லுதல் வேண்டும். ஒரே வரவை அண்ணாவியார் மீண்டும் மீண்டும் ஆடவைத்துத் திருத்துவதை அங்கேதான் காணலாம். அவர் இசைந்தால் ஏட்டைப் படியெடுத்து, ஒரு பிரதியை அவரிடமும் மற்றொன்றை ஊர் நூலகத்திலும் சேர்ப்பிக்கவும். அதிலிருந்து ஓர் அரசனையோ ஒரு வழக்கையோ தம் விளையாட்டுக்கு எடுத்துக்கொள்பவர்கள், ஆடத் தொடங்குமுன் அந்த அண்ணாவியாரின் பெயரையும் ஊரையும் மேசையில் இருப்போருக்குச் சொல்லட்டும்.