எந்த மரத்தின் புகை?

பினாங்கில் நெருப்பில் வாட்டிய உணவு புதிதல்ல. சாத்தேயும், ‘ஈக்கான் பாக்கார்’ என்கிற சுட்ட மீனும் ஜார்ஜ்டவுன் ஒட்டுக்கடைகளில் காலங்காலமாக அடுப்புக்கரித் தணலில்தான் வெந்துவருகின்றன. புதிதாக வந்திருப்பது பெல்லட். மரத்தூளை இறுக்கிச் செய்த, 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள சின்னக் குச்சிகள். வீட்டுப் புறக்கடையில் மாட்டிறைச்சியையும் கோழியையும் மணிக்கணக்கில் புகையில் வேகவைக்கும் பழக்கம் பரவப் பரவ, இவையும் மூட்டைகளாக இணையக் கடைகளில் விலைபோகின்றன. பையின் மேல் ஹிக்கரி, ஆப்பிள், செர்ரி, மெஸ்கீட் என்று அச்சிட்டிருக்கும். இவற்றில் ஒன்றுகூட மலேசிய மண்ணின் மரம் அல்ல.

பைக்குள் இருக்கும் தூள் எந்த மரத்தினுடையது, அந்த மரம் தூளாவதற்கு முன் என்னென்ன மருந்து குடித்தது என்பதைப் பெரும்பாலான பைகள் சொல்வதில்லை. சமையல் எரிபொருளில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை என்பது என் எண்ணம். ஏனென்றால் இங்கே எரிபொருள் சூட்டை மட்டும் தருவதில்லை. அதன் புகையே இறைச்சியில் படிந்து உணவின் பகுதியாகிவிடுகிறது.

பெல்லட் செய்யும் முறை எளியது. மர ஆலையில் சேரும் தூளையும் சீவல்களையும் காயவைத்து, ஈரத்தைப் பத்து விழுக்காட்டளவுக்குக் குறைக்கிறார்கள். பிறகு சீராக அரைத்து, துளையிட்ட தடித்த எஃகு அச்சின் வழியே உருளைகளால் அழுத்துகிறார்கள். இடியாப்ப அச்சில் மாவு இறங்குவதுபோல மரத்தூள் மறுபக்கம் குச்சி குச்சியாக வெளிவருகிறது. உராய்வினால் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறும். அந்தச் சூட்டில் மரத்திலேயே உள்ள லிக்னின் என்னும் பொருள் இளகித் துகள்களை ஒட்டுகிறது, ஆறியதும் இறுகிவிடுகிறது. நல்ல பெல்லட்டின் மேல் தெரியும் மினுமினுப்பு இந்த லிக்னின்தான். தூளும் ஈரமும் சரியாக இருந்தால் தனியாகப் பசை வேண்டியதில்லை. அச்சு சிக்காமலிருக்கச் சில ஆலைகள் சிறிது தாவர எண்ணெயோ மாவுப்பொருளோ சேர்ப்பதுண்டு.

1970களின் எண்ணெய் நெருக்கடியில், வீடுகளைச் சூடேற்ற மலிவான மாற்று எரிபொருளாக இது வட அமெரிக்காவில் வளர்ந்தது. 1980களின் நடுவில் ஆரெகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோ டிரேகர் இதைச் சமையலுக்குத் திருப்பினார். பெட்டியில் கொட்டிய பெல்லட்டை ஒரு திருகுத்தண்டு சிறுகச் சிறுக நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும்; விசிறி காற்றூதும்; எவ்வளவு சூடு வேண்டுமோ அதற்கேற்பத் தண்டின் சுழற்சி கூடும், குறையும். விறகை ஏறத் தள்ளியும் இழுத்தும் தணலைக் காக்கும் வேலை மிச்சமானது.

இனி புகைக்கு வருவோம். மரம் என்பது பெரும்பாலும் மூன்று பொருள்களால் ஆனது. எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் செல்லுலோஸ். மீதியை ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும் பங்கிட்டுக்கொள்கின்றன. சூடு ஏறும்போது முதலில் சிதைவது ஹெமிசெல்லுலோஸ், 200 டிகிரியைத் தாண்டியதுமே. 300 டிகிரிக்கு மேல் செல்லுலோஸ் உடைகிறது. இவை இரண்டும் சர்க்கரைச் சங்கிலிகள் என்பதால், உடையும்போது இனிப்பு வாசமுள்ள ஃபியூரான்கள், அசிட்டிக் அமிலம், கார்பனைல் சேர்மங்கள் வெளிவருகின்றன. இறைச்சியின் புரதத்தோடு வினைபுரிந்து அதற்குப் பொன்னிறமும் செந்நிறமும் ஏற்றுபவை இந்தக் கார்பனைல்கள்.

நாம் ‘புகை மணம்’ என்று உணர்வது லிக்னினின் கொடை. அது சிதையும்போது குவாயகால், சிரிங்கால் என்னும் ஃபீனால்கள் பிறக்கின்றன. இலையகன்ற வன்மரங்களின் லிக்னின் இரண்டையும் தரும். பைன் போன்ற ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் குவாயகாலை மட்டும் தரும். அதோடு பைனில் பிசின் நிறைய. பிசின் எரிந்தால் கரிப்புகை எழும், இறைச்சியில் கசப்பு ஏறும். புகையூட்ட வன்மரத்தையே தேடுவதற்குக் காரணம் இதுதான்.

இந்த ஃபீனால்கள் மணத்தோடு நிற்பதில்லை. கொழுப்பு காறிப்போவதைத் தடுக்கின்றன. அமிலங்களோடு சேர்ந்து பூஞ்சையையும் நுண்ணுயிர்களையும் அடக்குகின்றன. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் மனிதர்கள் மீனையும் இறைச்சியையும் புகையில் தொங்கவிட்டது சுவைக்காக மட்டும் அல்ல. இலங்கையிலும் தென் தமிழகக் கரையிலும் சம்பலில் இடித்துப் போடும் மாசி, சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்தது. மலேசியாவில் நெகிரி செம்பிலானின் ‘டாகிங் சாலாய்’ என்னும் புகையிறைச்சி இதே வழியில் வந்தது.

கரியில் இந்த மணம் கிடைக்காது. பினாங்குக்குத் தெற்கே, பேராக் மாநிலத்தின் மாத்தாங் சதுப்புநிலக் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். வெட்டிய இடத்தில் மறுபடி வெட்ட 30 ஆண்டு காத்திருக்கும் சுழற்சியில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிர்வகிக்கப்படும் காடு அது. அங்கே வெட்டும் சுரபுன்னை மரக்கட்டைகளை, கோலா செப்பேத்தாங்கிலுள்ள கவிழ்ந்த கிண்ணம் போன்ற செங்கல் சூளைகளில் வாரக்கணக்கில் மூடிவைத்துக் கரியாக்குகிறார்கள். மணம் தரும் சேர்மங்கள் பெரும்பாலும் அந்தச் சூளையிலேயே வெளியேறிவிடுகின்றன. சாத்தேயில் நாம் முகர்வது, தணலில் சொட்டும் கொழுப்பும் மசாலாவும் தீய்ந்து எழுப்பும் புகை. மரத்தின் புகை வேண்டுமென்றால் மரத்தையே எரிக்க வேண்டும். பெல்லட் கரியிலிருந்து வேறுபடுவது இங்கேதான்: அது தூளாக்கிய மரமே தவிர, சுட்ட மரம் அல்ல.

அப்படியானால் மலேசியாவில் வன்மரத் தூள் எங்கே மிகுதியாகக் கிடைக்கும்? பதில் நம் முன்னோர் பால் வெட்டிய மரத்தில் இருக்கிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877இல் கன்றுகள் சிங்கப்பூர் வந்துசேர்ந்தன. பிறகு தீபகற்பம் முழுவதும், பினாங்கின் நிலப்பகுதியான செபராங் பிறை உட்பட, தோட்டங்கள் எழுந்த கதையைத் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பால் வற்றிய மரத்தை 25, 30 ஆண்டில் வெட்டி மறுநடவு செய்வார்கள். நெடுங்காலம் அந்த மரம் வெறும் விறகுதான். செங்கல் சூளைக்கும் தோட்டத்துப் புகைக்கூடத்துக்கும் போனது.

அந்தப் புகைக்கூடம் இந்தக் கட்டுரைக்கு நேரடியாக உரியது. பாலை ஃபார்மிக் அமிலம் இட்டு உறையவைத்து, உருளைகளில் கொடுத்து வரிவரியான ரப்பர் ஷீட்டாக்கி, கழிகளில் தொங்கவிட்டு, கீழே ரப்பர் விறகைப் புகையவிடுவார்கள். மிதமான சூட்டில் நாள்கணக்கில் தொங்கி, வெள்ளை ஷீட் தேன்நிறத்துக்கு மாறும். அந்தப் புகையின் ஃபீனால்கள்தான் ஷீட்டில் பூஞ்சை பிடிக்காமல் காத்து, கப்பலேறிப் பல வாரம் கழித்து இறங்கும்வரை அதைக் கெடாமல் வைத்தன. ஒரு மரம் தன் பாலைத் தன் விறகின் புகையாலேயே பாதுகாத்துக்கொண்டது. புகையிறைச்சியில் நடப்பதும் அதே வேதியியல். தோட்டத்தில் புகைக்கூட வேலை பார்த்த தமிழர்கள் ஒரு மரத்தின் புகையை, அதன் சூட்டை, அது ஏற்றும் நிறத்தைத் தினமும் கண்ணால் அளந்தவர்கள். அந்த அறிவு எந்தப் பாடநூலிலும் அவர்கள் பெயரோடு ஏறவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இன்று ரப்பர் மரம் விறகல்ல. மலேசிய மரச்சாமான் தொழிலின் முதுகெலும்பு. ஜொகூரின் மூவார் வட்டாரத்தில் செய்யப்படும் நாற்காலியும் மேசையும் உலகெங்கும் போகின்றன. வெளிர்நிறம், சீரான இழை, நல்ல வன்மரம். பால்குழாய்கள் பட்டையில்தான் உள்ளன என்பதால், பட்டை நீக்கிய கட்டையின் தூள் புகையூட்டவும் ஏற்றது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். அறுத்த பலகையைச் சில நாள் சும்மா விட்டால் நீலப்பூஞ்சை படரும், வண்டு துளைக்கும். அதனால் பச்சைப் பலகைகளை உருளைத் தொட்டியில் அடைத்து, அழுத்தத்தோடு போரான் உப்புக் கரைசலை உள்ளே ஏற்றி, அதன்பின் உலர்த்துகிறார்கள். மரச்சாமானுக்கு அது சரியான மருந்து. ஆனால் போரான் எரிந்து மறையும் பொருள் அல்ல. சாம்பலில் தங்கும், விசிறிக் காற்றில் அந்தச் சாம்பல் பறக்கும்.

ஆகவே ஒரே ரப்பர் மரத்திலிருந்து இரண்டு வகைத் தூள் பிறக்கிறது. அறுவை ஆலையில் மருந்தேற்றும் முன் விழுந்த தூள் ஒன்று. மரச்சாமான் ஆலையில் மருந்தேறிய பலகையை இழைக்கும்போது விழும் தூள் மற்றொன்று. அதில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையிட்ட பலகைத் துண்டுகளும் அரக்கு மெருகும் கலக்க வாய்ப்புண்டு. கட்டட மரத்துக்கு ஏற்றும் மருந்து இன்னும் கொடியது: குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த கலவை. இத்தனையும் அரைத்து அச்சில் கொடுத்தால் ஒரே மாதிரிக் குச்சியாகத்தான் வரும். கண்ணால் பிரித்தறிய வழியில்லை.

எரிபொருள் பெல்லட்டுக்கு உலகத் தரம் உண்டு. ஐ.எஸ்.ஓ. 17225-2 என்னும் அந்தத் தரத்தின் முதல் வகையில் சாம்பல் 0.7 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, ஈரம் பத்தைத் தாண்டக்கூடாது, சேர்க்கைப் பொருள் இரண்டைத் தாண்டக்கூடாது. மருந்தேறாத மரமாகவும் இருக்க வேண்டும். நல்ல அளவுகோல்தான். என்றாலும் அது கணப்புக்காக வகுத்தது. இறைச்சியை மனத்தில் வைத்து எழுதியதல்ல. மலேசியாவில் தயாராகும் பெல்லட்டில் பெரும்பகுதி ஜப்பான், தென்கொரிய மின்நிலையங்களை நோக்கிப் போகிறது. பழம் உதிர்த்த செம்பனைக் குலைகளிலிருந்தும் பெல்லட் செய்கிறார்கள். பொட்டாசியம் மிகுந்த அது ஏராளமாகச் சாம்பல் விடும். கொதிகலனுக்கு ஆகும், அடுப்புக்கு ஆகாது. பூனை வளர்ப்போர் மலத்தட்டில் பரப்பப் பை பையாக வாங்கும் பைன் பெல்லட்டும் பார்வைக்கு அச்சு அசலாக இதே குச்சிதான். விலை குறைவென்று அதைப் புகைப்பெட்டியில் கொட்டிவிடாதீர்கள்.

அமெரிக்க மரப் பெயர்கள் அச்சிட்ட பைகளுக்கும் ஒரு சொல். ஹிக்கரி என்றிருந்தால் முழுக்க ஹிக்கரி என்று பொருள் அல்ல. ஓக் அல்லது ஆல்டர் மரத்தூளை அடிப்படையாக வைத்து, பெயருக்குரிய மரத்தைக் கொஞ்சம் கலப்பது அந்தத் தொழிலில் வழக்கம். சில ஆலைகள் மரத்துக்குப் பதிலாக மண எண்ணெயைத் தூளில் சேர்க்கின்றன. கலப்பது தவறல்ல, ஓக்கும் நல்ல புகைமரமே. விழுக்காட்டை மறைப்பதுதான் தவறு. பற்றவைக்கும் முன்பே மூட்டையிலிருந்து வாசனைத் திரவியம்போல் மணம் தூக்கினால், அங்கே எண்ணெய் இருக்கிறதென்று சந்தேகப்படலாம்.

மரம் எவ்வளவு தூய்மையானாலும் புகை முழுக்கத் தீங்கற்றதாகிவிடாது. காற்றுப் போதாமல் மரம் மூச்சுத்திணறி எரியும்போதும், சூடு மிதமிஞ்சும்போதும் பென்சோபைரீன் போன்ற பலவளைய ஹைட்ரோகார்பன்கள் உண்டாகின்றன. பென்சோபைரீன் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உறுதிசெய்யப்பட்ட பொருள். புகையூட்டிய இறைச்சியில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் வரம்பு வைத்திருக்கிறது. 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. எப்போதாவது உண்பதும் அன்றாடம் உண்பதும் ஒன்றல்ல என்பதை மனத்தில் வைத்து அளவோடு உண்பதே முறை. அடர்ந்த வெண்புகையைவிட மெல்லிய நீலப்புகையே நல்லது. கொழுப்பு நெருப்பில் சொட்டாமல் தட்டு வைப்பதும் பயன்தரும்.

பினாங்குக்கு இன்னொரு தொல்லை, ஈரப்பதம். மழைக்காலக் காற்றில் திறந்து கிடக்கும் பெல்லட் ஈரத்தைக் குடித்து உப்பி, மறுபடி மரத்தூளாகிவிடும், திருகுத்தண்டில் அடைத்துக்கொள்ளும். இறுக மூடும் வாளியில் வைத்து, சமையல் முடிந்ததும் பெட்டியைக் காலிசெய்துவிட வேண்டும். ஒடித்தால் ‘படக்’கென்று முறிய வேண்டும், கையில் தூள் ஒட்டக்கூடாது.

இவையெல்லாம் வீட்டுக்குள் நாம் செய்துகொள்ளக்கூடியவை. மருந்தேறிய தூளை வீட்டில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. அது ஆய்வகத்தின் வேலை. உணவுப்பையின் லேபிளில் உண்மை இருக்க வேண்டுமென்று பல பத்தாண்டுகளாகக் குரல்கொடுத்துவரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இந்த ஊரில்தான் இருக்கிறது. மரத்தையும் தாவர நாரையும் ஆராயும் துறை கொண்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் இதே தீவில் இருக்கிறது. சந்தையில் விற்கும் சமையல் பெல்லட்டுகளை வாங்கி, போரானுக்கும் ஆர்சனிக்குக்கும் சோதித்து, முடிவைத் தமிழ் உட்பட எல்லா மொழிகளிலும் வெளியிட இந்த இரண்டும் முன்வர வேண்டும். மரத்தின் பெயர், கலப்பு விழுக்காடு, மருந்தேறாத மரம் என்ற உறுதி, இந்த மூன்றும் பையில் அச்சாக வேண்டும் என்று விதி வர வேண்டும். அதுவரை, இந்த மூன்றும் இல்லாத பையை வாங்காதீர்கள்.