டொன்சிலை அகற்றிய பின்: பெற்றோர் காக்கவேண்டிய பத்து நாட்கள்

பிள்ளையின் டொன்சிலை அகற்றியாயிற்று. வைத்தியசாலையிலிருந்து வீட்டிற்கும் அழைத்து வந்தாயிற்று. இனிக் கவலையில்லை என்று பெற்றோர் எண்ணுதல் இயல்பே. ஆயினும், இச் சத்திர சிகிச்சையில் அஞ்சத்தக்கதாகிய இரத்தப்பெருக்கு, பெரும்பாலும் வீடு திரும்பிய பின்னரே நேர்கின்றது என்பதைப் பலர் அறியார்.

டொன்சிலை அகற்றுதல் புதிய முறையன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்பார் இதனைத் தம் மருத்துவ நூலில் விவரித்துள்ளார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலோ, தொண்டை நோவென்றால் வெட்டிவிடுவதே வழக்காயிற்று. 1984 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு அளவுகோல் வகுத்தது. ஓராண்டில் ஏழு தடவையோ, ஈராண்டுகளில் ஆண்டுதோறும் ஐந்து தடவையோ, மூவாண்டுகளில் ஆண்டுதோறும் மூன்று தடவையோ கடுந்தொண்டை நோவு கண்டவர்களே அதிற் சேர்க்கப்பட்டனர். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் பிள்ளைகளுக்கும் இச் சிகிச்சை செய்யப்படுகின்றது. வேண்டாத சிகிச்சையைத் தவிர்ப்பதே முதற் காப்பு.

சிகிச்சைக்கு முன்னரே வைத்தியரிடம் சொல்லவேண்டியவை சில உள. பிள்ளைக்கு மூக்கில் அடிக்கடி இரத்தம் வடிவதுண்டா? பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்கத் தாமதித்ததா? குடும்பத்தில் எவருக்கேனும் இக்குறையுண்டா? இவற்றை மறைத்தல் ஆகாது. உட்கொள்ளும் மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, கூறிவிடுதல் வேண்டும்.

வெட்டிய இடத்தில் வெண்மஞ்சள் நிறப் படலம் படியும். அது சீழன்று, இயற்கை இட்ட மூடி. ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையில் அது கழன்று விழும்போதே ஆபத்து அதிகம். தொண்டை வறண்டால் நோவு மிகும். நோவுக்கு அஞ்சி விழுங்க மறுக்கும் பிள்ளைக்குத் தொண்டை மேலும் வறளும். ஆதலின் ஆறிய கஞ்சி, செவ்விளநீர், தண்ணீர் என்பவற்றைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்க வேண்டும். முறுக்கு, பொரித்த கருவாடு, கொதிக்கும் தேநீர் ஆகாதன. நோவுக்குப் பரசிற்றமோல் மருந்தை வைத்தியர் குறித்த அளவில் தவறாது கொடுக்கலாம். அஸ்பிரின் இரத்தம் உறைவதைத் தடுப்பதால் அறவே கூடாது. கொடீன் கலந்த மருந்தால் மூச்சடங்கிய பிள்ளைகளும் உண்டு. 2013 இல் அமெரிக்க அரசு இதுபற்றிக் கடுமையாக எச்சரித்தது.

இரண்டு வாரங்களுக்கு ஓட்டம், கடற்குளிப்பு, சனநெரிசல் கூடா. உடப்புத் தீமிதிப்பும் முன்னேஸ்வரத் திருவிழாவும் அடுத்த ஆண்டும் வரும்.

உறங்கும் பிள்ளை அடிக்கடி விழுங்குகின்றதா என்று இரவிற் கவனியுங்கள். உள்ளே இரத்தம் கசிவதன் அறிகுறி அதுவே. உமிழ்நீரிற் செந்நிறமோ, இரத்த வாந்தியோ கண்டால் பொறுத்திருத்தல் தகாது. பிள்ளையை முன்சாய்த்து இருத்தி, இரத்தத்தைத் துப்பச் செய்யுங்கள், மல்லாத்திப் படுக்க வையாதீர்கள், வாயில் விரலோ பஞ்சோ இடாதீர்கள், உண்ணக் கொடாதீர்கள். உடனே வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும்.

நம் கரையோரத்தில் தூரமும் ஒரு பகையே. கற்பிட்டியிலிருந்து புத்தளம் செல்வோர், களப்பைச் சுற்றிப் பாலாவி வழியே போதல் வேண்டும். தீவுகளில் வாழ்வோர்க்கோ படகே துணை. இத்தகையோர் அந்தப் பத்து நாட்களும் வைத்தியசாலைக்கு அண்மையில் உள்ள உறவினர் வீட்டில் தங்குதல் அறிவுடைமை. இரத்தப்பெருக்கு ஒரு சில பிள்ளைகளுக்கே நேரும். நம் பிள்ளைக்கு நேராது என்று உறுதி கூறுவார் எவருமிலர்.